மேல் பட்டன்

ஜனவரி 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ கட்டளையிட்டபடி பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிட்டேன். நான் கடைசியாக எழுதிய கடிதம், பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று பொய் சொல்லி விடுப்புக் கேட்டது. எனவே நடையில் கொஞ்சம் வயிற்றுவலி வாடை அடித்தால் பொறுத்துக்கொள். உங்கள் வார்டில் பயிற்சி கொடுக்கும் அந்தக் கை டீச்சர், நீ கையால் கடிதம் எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பதில் வந்தால்தான் எழுதத் தோன்றும் என்று நீ சொல்கிறாய். ஆக, உன் விரல்களுக்கு நான்தான் மாத்திரை. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும் கேட்டுச் சொல்.

போனை நம்பிப் பயனில்லை. நேற்று நீ பேசியபோது உன் மகள் போனைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். நீ அந்தப் பக்கம் "அம்மா பேசுறேன்டா, கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அவள் எல்லாவற்றுக்கும் ஆட்டி முடித்து, போனை என் செருப்புக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இங்கே அவளுக்கு ஆபீசர் என்று பெயர். இரண்டரை வயதில் அப்படி ஓர் உட்காரும் தோரணை. ஸ்டூலில் அமர்ந்து வாயைத் திறப்பாள்; நான் ஊட்ட வேண்டும். காலை நீட்டுவாள், சாக்ஸ் மாட்ட வேண்டும். மூக்கைத் தூக்கிக் காட்டுவாள். அந்தப் பணியை விவரிக்க விரும்பவில்லை. "நீ பண்ணு மாமா." அவள் பேசும் முழு வாக்கியம் இது ஒன்றுதான்.

கண்ணாடிக் கடை வைத்துக் கடுகளவு ஸ்க்ரூவை ஃபிரேமில் மாட்டிப் பிழைக்கிறவன், ஒரு குழந்தை சாக்ஸில் குதிகால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழிக்கிறேன். என் கடை உள்ளறையில் கண் பரிசோதிக்க வரும் கண் டெஸ்ட்டம்மாவை உனக்குத் தெரியுமே. அவர் பார்த்துவிட்டு, "ஓனரே, ஐம்பது வயசுல கல்யாணம் ஆகாத ஆளுக்கு நேரா பிரமோஷன் குடுத்துட்டாங்க" என்றார். அவர் வாய்க்கு ஒரு ஃபிரேம் போட்டு மூட முடிந்தால் செய்திருப்பேன்.

கை எப்படி இருக்கிறது? சலவைக் கம்பெனி உருளை இழுத்த கை இத்தனை சீக்கிரம் சரியாகாது என்று எனக்கும் தெரியும். அவசரப்படாதே. குழந்தையின் அப்பா போன திசையிலிருந்து வழக்கம்போல ஒரு தகவலும் இல்லை. அந்த வகையில் ஊர் நிம்மதியாக இருக்கிறது.

அண்ணன்


ஜனவரி 23

அண்ணா,

பேனாவில் துணி சுற்றிப் பிடித்து எழுதுகிறேன். கோணலாக இருக்கும்.

ஊட்டாதே. ஸ்பூனை அவள் கையில் கொடு. சிந்தட்டும். இங்கே எனக்கும் யாரும் ஊட்டுவதில்லை. அடுத்தவர் செய்தால் கை மறந்துவிடும் என்கிறார் கை டீச்சர். நானும் சிந்துகிறேன்.

சாக்ஸைக் குதிகால் தாண்டும்வரை நீ மாட்டு. கடைசி இழுப்பை அவளிடம் விடு. முடிக்கிற வேலை அவளுடையதாக இருக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீ விலகு. எனக்கு இங்கே அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். கட்டில் காலி.

கை வலிக்கிறது. போதும்.


பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். கோணல் என்றாய். என் வாடிக்கையாளர்கள் அதைப் படிக்க முயன்று, கண்ணில்தான் கோளாறு என்று டெஸ்ட்டுக்கு உட்காருகிறார்கள். வியாபாரம் நன்று.

உன் சட்டத்தை அமல்படுத்திவிட்டேன். முதல் நாள் ஸ்பூனைக் கையில் கொடுத்ததும் ஆபீசர் அதை ஒரு மனு மாதிரி வாங்கி ஓரமாக வைத்தாள். "நீ பண்ணு மாமா." நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பசி வந்தது. பருப்பில் பாதி கன்னத்துக்கு, கால் பங்கு காதுக்கு, மிச்சம் வாய்க்கு. ஆனால் அந்த மிச்சத்தை விழுங்கியதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், இத்தனை நாள் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பது போல.

அதற்குப் பிறகு என் வீடு வீடாக இல்லை. துண்டு மாட்டும் கொக்கியை என் முழங்கால் உயரத்தில் அடித்தாயிற்று. தண்ணீருக்குக் கைப்பிடி வைத்த குட்டிக் குடுவை. அவள் ஊற்றுகிறாள், தரை குடிக்கிறது. தரையைத் துடைக்கவும் அவளுக்கு ஒரு துணி. அதைப் பிழிவதற்காகவே வேண்டுமென்று ஊற்றுகிறாளோ என்று சந்தேகம். முட்டை உரிக்கிறாள். ஓடு தனியே வருவதற்குள் வெள்ளைக்கரு பாதியாகிவிடும். மஞ்சள்கரு எனக்கு வந்து சேரும். பட்டாணி உரிக்கிறாள். ஒவ்வொரு பட்டாணிக்கும் "வா" என்கிறாள். அது வருகிறது.

எல்லாம் சரி, நேரம்தான் போகிறது. செருப்பு வார் ஒட்டுகிற வேலை முடிய நான் வாசலில் சாவியோடு நிற்கிறேன். கை துறுதுறுக்கிறது, ஒரு நொடியில் ஒட்டிவிடுவேன். பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். கடை தினமும் தாமதம். "குழந்தைய வச்சு வேலை வாங்குறீங்களே, வெட்கமா இல்ல?" என்கிறார் கண் டெஸ்ட்டம்மா. பிறகு அவரே ஆபீசரிடம் கண்ணாடித் துடைக்கும் துணிகளை மடிக்கக் கொடுக்கிறார். நான்காக மடிக்கவேண்டியது மூன்றரையாக வருகிறது. அப்படியே விற்கிறோம். பயப்படாதே, ஸ்க்ரூ டப்பா மேல் அலமாரியில், என் கைக்கே எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். நுணுக்கமான வேலை எதுவானாலும் இடது கண்ணை மூடிக்கொண்டு செய்கிறாள். பட்டாணி, முட்டை, வார், எல்லாம் ஒற்றைக் கண்ணில். பார்க்கத் துப்பறிகிறவள் மாதிரி அழகாக இருக்கிறது.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

அழகா? கண்ணாடிக் கடைக்காரன் எழுதுகிற கடிதமா இது? உடனே கண்ணைக் காட்டு. இடது கண்ணில் பார்வை குறைவாக இருந்தால்தான் பிள்ளைகள் அப்படி மூடுவார்கள் என்று இங்கே நர்ஸ் சொன்னார். நான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன், ஆனால் சாப்பிட்ட மாதிரி இல்லை.

எனக்கும் பட்டாணிதான் இப்போது. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். காய்ந்த பட்டாணி, வழுக்குகிறது. கயிற்றில் துணிக் கிளிப் மாட்டுகிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு நானும் ஒவ்வொன்றுக்கும் "வா" என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

அவள் வேகமாகப் போகிறாள் அண்ணா. நான் வந்து சேரும்போது செய்து கொடுக்க ஏதாவது மிச்சம் இருக்குமா?

கண்ணைக் காட்டிவிட்டு எழுது.


பிப்ரவரி 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் தீர்ப்பு: இரண்டு கண்ணும் பத்தரை மாற்று.

உன் கடிதம் வந்த அன்றே கண் டெஸ்ட்டம்மா முன்னால் உட்காரவைத்தேன். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கான படப் பலகையை மாட்டினார். வீடு, பூ, வாத்து. கடைசி வரிசைப் பொடி வாத்து வரை சொன்னாள். இரண்டு கண்ணிலும் தனித்தனியாக. மருந்து விட்டுக்கூடப் பார்த்தார். போதாததற்கு ஸ்டூலிலிருந்து இறங்கி, போன வாரம் நான் தவழ்ந்து தேடிக் கைவிட்ட ஸ்க்ரூவை மேசைக்கால் பக்கத்தில் சுட்டிக்காட்டி, "மாமாது" என்றாள்.

"அப்புறம் ஏம்மா கண்ண மூடுது?" என்று கேட்டேன்.

கண் டெஸ்ட்டம்மா என்னிடம் ஒரு ஃபிரேமையும் ஸ்க்ரூவையும் நீட்டினார். "மாட்டுங்க ஓனரே." மாட்டினேன். "இப்ப உங்க மூஞ்சிய அந்தக் கண்ணாடில பாருங்க."

என் இடது கண் மூடியிருந்தது. வாய் வேறு கொஞ்சம் கோணியிருந்தது. இத்தனை வருடத்தில் யாரும் சொன்னதில்லை; சொல்லப் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். உன் மகள் கையால் வேலை செய்கிற ஓர் ஆளைத்தான் தினமும் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். கண்ணை மூடினால்தான் விரல் ஓடும் என்று முடிவுகட்டிவிட்டாள். நல்லவேளை, வாயைக் கோணவில்லை.

நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 18

அண்ணா,

இதை நான்கு நாளாக எழுதுகிறேன். எழுத்து நன்றாக இருக்கிறது, இல்லையா? கை டீச்சரும் அதையேதான் சொன்னார். அதற்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு, இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்கின்றன. மற்ற மூன்றும் சும்மா கூட வருகின்றன, விருந்தாளி மாதிரி.

இங்கே ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் ஒரு பாதிச் சட்டை ஆணியடித்திருக்கிறது, பட்டன் போட்டுப் பழக. ஆள் இல்லாத சட்டை. அதன் முன்னால் தினமும் உட்காருகிறேன். ஒன்று போட்டு அடுத்ததற்குப் போவதற்குள் விரல் மரத்துவிடுகிறது. முழுச் சட்டையை ஒருநாளும் முடித்ததில்லை.

யோசித்துப் பார்த்தேன். ஒரு குழந்தைக்குக் காலையில் எத்தனை வேலை. குளிப்பாட்ட, துடைக்க, உடுத்த, தலை வார. நடுவில் அவள் வேறு ஓடுவாள். என்னால் ஆகாது அண்ணா. உன் கடிதங்களைப் படித்தால் அவள் அங்கே நன்றாக இருக்கிறாள் என்று தெரிகிறது. உன்னிடமே இருக்கட்டும். இங்கேயே துண்டு, போர்வை பிரித்து அடுக்குகிற வேலை தருகிறோம் என்கிறார்கள். அறையும் தருவார்களாம். முடிகிறபோது வந்து பார்த்துக்கொள்கிறேன்.

மறுக்காதே. இதை இன்னொரு முறை எழுத என்னால் முடியாது.


மார்ச் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் ஏன் மறுக்கப் போகிறேன்? தாராளமாக இருக்கட்டும். நீ மனதை அலட்டிக்கொள்ளாதே. குட்டிக் கட்டில் ஒன்று சொல்லிவிட்டேன். ஜன்னல் பக்கம் போட்டால் அவளுக்குத் தெருவும் தெரியும், கடிந்துகொள்ள நாய்களும் கிடைக்கும். முன்பெல்லாம் கடையைச் சாத்த மனம் வராது எனக்கு. எதிர்ப்புறம் எல்லாரும் சாத்தியபிறகும் சுத்தமாக இருக்கிற கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இப்போது அந்தி சாய்வதற்குள் இருவரும் வீட்டில். அவள் ஸ்பூன்களை அடுக்குகிறாள். நான் அவள் அடுக்கியதைப் பாராட்டுகிறேன். அப்புறம் அவள் கலைக்கிறாள். இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு பணக்காரர்களுக்குக்கூட வாய்க்காது.

துணிமணிக் கவலையும் வேண்டாம். எல்லாம் தலைவழியே மாட்டுகிற எலாஸ்டிக் கவுனாக வாங்கிவிட்டேன். பட்டன் தொல்லையே கிடையாது. மற்றதெல்லாம் எதற்கு இப்போதே அவசரம்? காலம் இருக்கிறது. பழையபடி சில நாள் நானே ஊட்டிவிடுகிறேன், அவளும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

நீ அந்த வேலையை ஒப்புக்கொள். எங்களைப் பற்றி நினைக்காதே.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

நீ சம்மதித்ததில் எனக்கு நிம்மதி. நீ இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாய் என்று நினைக்கவில்லை.

துண்டு அடுக்குகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துண்டுகள். ஜன்னல் இல்லை. அடுத்த மாதம் சேரச் சொல்கிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பட்டாணி எழுதினாய், முட்டை எழுதினாய், செருப்பு வார் எழுதினாய். பட்டன் பற்றி ஒருநாளும் எழுதவில்லையே. அவளை உன்னிடம் விட்ட அன்று போட்டுவந்த சிவப்பு ஸ்வெட்டரில் ஐந்து பட்டன் உண்டு. அது எங்கே இருக்கிறது?

சும்மாதான் கேட்டேன்.


ஏப்ரல் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் "சும்மாதான்" என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. அதற்குமேல் ஒரு வாரம் ஏன் ஆனது என்பது கீழே.

ஸ்வெட்டர் என் பீரோவின் கடைசி இழுப்பறையில் இருந்தது. மடித்து, மேலே என் பழைய போர்வையும் போட்டு. யார் வைத்தது என்று கேட்காதே. இந்த வீட்டில் பீரோ சாவி ஒருவனிடம்தான் இருக்கிறது.

எலாஸ்டிக் கவுன்களைக் கொடியில் வரிசையாகப் பார்த்த அன்றே கண் டெஸ்ட்டம்மா கேட்டார்: "எல்லாமே எலாஸ்டிக்கா? பட்டன் பழகிட்டா புள்ள போயிடுமா? ஏன் ஓனரே, உங்க கடை ஓடணும்னு ஊருல எல்லாருக்கும் கண்ணு கெடணும்னு வேண்டிக்குவீங்களா?" நான் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளறைக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டார்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் கழித்து இழுப்பறையைத் திறந்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான். ஆபீசர் பின்னால் நின்றிருந்தாள். வாங்கினாள். ஸ்பூன் பிடிக்கவே அலுத்துக்கொண்டவள், கையை ஒவ்வொன்றாக நுழைத்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். வெயில் கொளுத்துகிறது, முகமெல்லாம் வேர்வை. நேராக வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டாள். வாரை ஒட்டினாள்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"அம்மாகிட்ட."

"இப்படியே திறந்து போட்டுக்கிட்டா?"

குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்வாள் என்று ஆசைப்பட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள், இடது கண்ணை மூடினாள், அடிப் பட்டனைப் பிடித்தாள்.

வரவில்லை. சின்ன பட்டன், முரட்டுத் துளை. அழவில்லை, திட்டினாள். பிறகு நீ சாக்ஸுக்குச் சொன்னதையே செய்தேன்: பட்டனைத் துளையில் பாதி நுழைத்துக் கொடுத்தேன், மீதியை அவள் இழுத்தாள். அடுத்த நாள் கால்வாசி. அப்புறம் துளையை மட்டும் விரித்துப் பிடித்தேன். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இந்த ஒரு வாரமும் கடை மதியத்துக்கு மேல்தான் திறந்தது. வாடிக்கையாளர் ஒருவர் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, பட்டன் என்றேன்.

இப்போது கீழிருந்து நான்கையும் அவளே போடுகிறாள். ஐந்தாவது வரவில்லை. அது தாடைக்கு அடியில் இருக்கிறது. குனிந்தால் மறைகிறது, நிமிர்ந்தால் தெரிவதில்லை. நான் போடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "அது அம்மாது" என்றாள். அதைத் திறந்துபோட்டபடியே இருக்கிறாள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். நேற்று என் வலது கையின் மற்ற மூன்று விரல்களையும் டேப் போட்டு ஒட்டிவிட்டுக் கடையில் உட்கார்ந்தேன். ஸ்க்ரூ மாட்டினேன், ஃபிரேம் நிமிர்த்தினேன், லென்ஸ் பொருத்தினேன். சாயங்காலம் வரை ஒட்டியிருந்ததை மறந்தேபோனேன். என் பிழைப்பு முழுக்கக் கட்டைவிரலும் சுட்டுவிரலும்தான். மற்ற மூன்றும் எனக்கும் விருந்தாளிகளே. டீ கிளாஸ் பிடிக்க வந்தவை.

ஊட்ட வேண்டாம், அவள் சாப்பிடுவாள். துடைத்துக்கொள்வாள். தலைக்கு ஒரு கிராப் வெட்டிவிடலாம். பட்டனில் ஒன்றுதான் மிச்சம். அந்தப் பலகைச் சட்டையில் முதல் பட்டனை எப்போதும் போட்டுவிடுகிறாய் என்று நீதான் எழுதினாய்.

வா. வந்து கூட்டிக்கொண்டு போ. இதை இன்னொரு முறை எழுத என்னாலும் முடியாது.

அண்ணன்


மே 19

அண்ணா,

உன்னிடமிருந்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. பேருந்து ஏறும்வரை ஃபிரேம் விலை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்குப் புரிந்தது.

துண்டு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே பக்கத்திலேயே ஒரு பேக்கரியில் காசாளர் வேலை. பில் அடிக்க ஒரு விரல் போதும்.

காலையில் நேரம் ஆகிறது. எங்களுக்குள் யார் மெதுவு என்று போட்டி. இன்று மழைக்குளிர். ஸ்வெட்டரை எடுத்தாள். நான்கையும் போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்று தாடையைத் தூக்கினாள். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவையும். அவள் அசையவில்லை. "கண்ண மூடும்மா" என்றாள். மூடினேன், இடது கண்ணை. துளைக்குள் போய்விட்டது.

அவளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்.

கூட ஒரு கண்ணாடித் துணி வைத்திருக்கிறேன். உன் கடைத் துணிதான், அவள் பைக்குள் வந்துவிட்டது. அவளே மடித்தாள்.


மே 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

துணி வந்தது. சரியாக நான்காக மடித்திருக்கிறாள். எனக்கு அந்த மூன்றரைதான் பிடிக்கும். போகட்டும், வளர்கிற பிள்ளை.

இங்கே எல்லாரும் சௌக்கியம், அதாவது நான் சௌக்கியம். இந்த வாரம் முழுக்கக் கடையை நேரத்துக்குத் திறந்தேன். அந்த நேரத்தில் ஒருவரும் வருவதில்லை என்று கண்டுபிடித்தேன். கண் டெஸ்ட்டம்மா ஆபீசரின் ஸ்டூலில் தன் கைப்பையை வைக்கப் போனார், பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டார். மத்தியானம் எனக்கு ஒரு முட்டை உரித்துக் கொடுத்தார். முழுதாக இருந்தது. மஞ்சள்கருவை மட்டும் சாப்பிட்டேன்.

குட்டிக் கட்டிலைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டாராம். துவைத்த துணியை அதில் போடுகிறேன்.

கொக்கியை மட்டும் இன்னும் மேலே மாற்றவில்லை. தினமும் குளித்துவிட்டு வந்து, துண்டுக்காக முழங்கால் வரை குனிகிறேன். முதுகுக்கு நல்லது என்று கண் டெஸ்ட்டம்மா சொல்கிறார். அவருக்குக் கண்ணைப் பற்றித்தான் தெரியும். இருந்தாலும் குனிகிறேன்.

அண்ணன்